கேள்விக்குறி போடாதவன் கோடரே இல்லையாம்!

கித்தாக்காட்டான் · வெள்ளி, இரவு 9.12

பேசாம இருக்கலாம்னுதான் பார்த்தேன், முடியல.

போன வாரம் நம்ம பேரா சுங்கை சிப்புட்டுல ஒரு மண்டபத்துல பிள்ளைங்களுக்கு ஆண்ட்ராய்டு வகுப்பு நடந்துச்சு. நல்ல காரியம், குறை சொல்லல. ஆனா பாடம் எடுத்தவரு போர்டுல எழுதினதப் படம் புடிச்சு எங்க அக்கா மகன் வாட்ஸாப்புல போட்டான். இதான் அதுல இருந்தது: "பேரண்ட்டை வியூவா காஸ்ட் பண்ணும்போது 'ஆஸ்' பக்கத்துல கேள்விக்குறி போடணும். போடலன்னா ஆப் கண்டிப்பா கிராஷ் ஆகும். போடாதவன் கோடரே இல்ல."

புதுசா படிக்கிறவங்களுக்கு: திரையில தெரியுற ஒவ்வொரு டப்பாவும் வியூ, அதைச் சுத்தி இருக்கிற டப்பா அதோட பேரண்ட். காஸ்ட்னா 'இதை இந்த வகையா எடுத்துக்க'ன்னு சொல்றது, அதுக்கு எழுதுற வார்த்தைதான் 'ஆஸ்'.

கண்டிப்பாவா?

நான் எழுதின செம்பனை எடை ஆப் தோட்டத்துல ஓடிக்கிட்டு இருக்கு. குலைய லோரியில ஏத்துறதுக்கு முன்ன சின்னத் தோட்டக்காரங்க எடையத் தட்டி வைக்கிற ஆப். குலைக்கு ஒரு கார்டு, கார்டுக்குள்ள எடையத் தட்டுற கட்டம், ஒரு எடிட்டெக்ஸ்ட். 25-க்குப் பதிலா 250 தட்டிட்டா கார்டு முழுக்கச் சிவந்துடும். எடிட்டெக்ஸ்ட்டுல இருந்து கார்டைப் புடிக்க நான் எழுதினது ஒரே வரி. அதோட பேரண்ட்டை எடு, 'ஆஸ் வியூ', பேக்கிரவுண்டைச் சிவப்பாக்கு. கேள்விக்குறி கிடையாது. லைன் கிடைக்காத வெளிக்காட்டுல, கண்ணாடி கீறுன பழைய ஹேன்போன்ல எல்லாம் ஓடுது. அந்த வரியில ஒரு நாளும் விழுந்ததில்ல.

திரையோட அமைப்ப எழுதுற எக்ஸ்எம்எல்ல எனக்கு மேல இருக்கிறது லினியர்லேஅவுட்டோ கார்டுவியூவோ, எதுவா இருந்தாலும் அது வியூகுரூப், பிள்ளைங்களை உள்ள வச்சிருக்கிற டப்பா. வியூகுரூப் எல்லாமே வியூ. அப்புறம் எங்கேர்ந்து வருது கிராஷ்? பாடம் எடுத்தவரு இங்கதான் ஏழாங்கட்டைங்கிற பேர்ல உலாத்துறாரு. வந்து சொல்லட்டும்.

ஏழாங்கட்டை · 9.31

வந்துட்டேன் அண்ணே. பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கு நன்றி.

பேரண்ட் உங்களுக்குத் தர்றது வியூ இல்ல. வியூபேரண்ட். அது ஒரு இன்டர்ஃபேஸ், என்னென்ன செய்யணும்னு மட்டும் சொல்ற ஒப்பந்தம். வியூகுரூப் அதை இம்ப்ளிமெண்ட் பண்ணுது, சரி. இன்னொருத்தரும் பண்றாரு, வியூரூட்இம்ப்பிள்னு பேரு. அவரு வியூவே கிடையாது. ஏறி ஏறி உச்சியில இருக்கிற டெக்கர்வியூ வரைக்கும் போய் "உன் பேரண்ட் யாரு"ன்னு கேட்டா அவருதான் வந்து நிப்பாரு. அவரை 'ஆஸ் வியூ'ன்னா கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன், வகை ஒத்துவரலங்கிற கிராஷ். 'ஆஸ்?' போட்டிருந்தா நல், அதாவது வெறும் காலி வரும், ஆப் பொழைக்கும்.

"எனக்கு விழல" என்பது ஆதாரம் இல்ல அண்ணே.

கித்தாக்காட்டான் · 9.38

தம்பி, எடிட்டெக்ஸ்ட்டுக்கு மேல கார்டு. நான் கார்டோட நின்னுட்டேன். டெக்கர்வியூ வரைக்கும் ஏறுறதுக்கு எனக்கு அங்க என்ன வேலை?

போர்டுல "கண்டிப்பா"ன்னு எழுதினீங்களா இல்லையா? அதுக்கு மட்டும் பதில்.

ஜாவாமண்டோர் · 9.50

ஆண்ட்ராய்டுக்கு ஜாவா, கோட்லின்னு ரெண்டு மொழி இருக்கு. ஜாவா காஸ்ட்டுல கேள்விக்குறியே கிடையாது. அதுலயும் நல்லை எந்த டைப்புக்கு காஸ்ட் பண்ணாலும் ஒன்னும் ஆகாது, நல் அப்படியே போகும். அப்புறம் அதைத் தொட்டாத்தான் விழும். கோட்லின்ல 'ஆஸ் வியூ'ன்னு எழுதி நல் வந்துச்சுன்னா அந்த இடத்துலயே நல்பாய்ண்டர் கிராஷ். ரெண்டும் வேற வேற. முதல்ல யாரு எந்த மொழியில எழுதுறீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்.

ஏழாங்கட்டை · 9.56

பாத்தீங்களா, மண்டோரே நல் பத்திச் சொல்லிட்டாரு. நீளமான பட்டியல் காட்டுற ரீசைக்ளர்வியூ இருக்கு. ஆன்கிரியேட்வியூஹோல்டர்ல இன்ஃப்ளேட் பண்றோம், அதாவது எக்ஸ்எம்எல்லை வியூவா ஆக்குறோம், அட்டாச்டுரூட் ஃபால்ஸ், இன்னும் பேரண்ட்டோட சேர்க்கல. அந்த நேரத்துல ஐட்டம்வியூவோட பேரண்ட் நல்தான். அதை 'ஆஸ் வியூ'ன்னா கோட்லின் அங்கேயே விழுந்துடும். கேள்விக்குறி போட்டா விழாது. அதான் போர்டுல எழுதினேன். எழுதினதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.

கித்தாக்காட்டான் · 10.04

ஆன்கிரியேட்வியூஹோல்டர்ல உனக்குப் பேரண்ட் வேணும்னா அந்த ஃபங்ஷனே 'பேரண்ட்'னு ஒன்னைக் கையில குடுக்குது. ரீசைக்ளர்வியூவே அதான். வாசல்ல ஆளு நிக்கிறான், நீ பின்பக்கம் ஏறிக் குதிச்சு அவனைத் தேடுற.

இப்ப நல்லுக்குப் போயிட்டீங்க. முதல்ல சொன்னது கிளாஸ்காஸ்ட். அதுக்கும் முன்ன போர்டுல சொன்னது "கண்டிப்பா". ஒரு இடத்துல நில்லு தம்பி.

திரைய ஏத்துற செட்கன்டெண்ட்வியூ முடிஞ்ச அடுத்த வரியிலேயே ஃபைன்ட்வியூபைஐடி போட்டு ஒரு வியூவை எடுத்து, அதோட பேரண்ட்டைக் கேட்டுப் பாருங்க. வரும். அகலம் கேட்டா பூஜ்யம் வரும், இன்னும் அளக்கல. ஆனா பேரண்ட் இருக்கும். இன்ஃப்ளேட் பண்ணும்போதே பிள்ளையப் பேரண்ட்டோட சேர்த்துடுறாங்க. திரை உருவாகுற ஆன்கிரியேட்ல பேரண்ட் எப்பவும் நல்லுன்னும் அந்த வகுப்புல சொன்னதாக் கேள்வி. எனக்கு அது வேற கடுப்பு.

ஏழாங்கட்டை · 10.07

அதை நான் சொல்லல. டெக்கர்வியூவோட பேரண்ட் ஆன்கிரியேட்ல நல்லுன்னு சொன்னேன். அது உண்மை. திரை முன்னால வர்ற ஆன்ரெஸ்யூமுக்கு அப்புறம்தான் வின்டோவுல சேருது. உங்க அக்கா மகன் பின் வரிசையில உக்காந்து கேம் விளையாடினான், நான் பார்த்தேன்.

கித்தாக்காட்டான் · 10.09

எங்க அக்கா மகனை இழுக்காதீங்க.

லயத்துப்பிள்ளை · 10.15

வணக்கம் அண்ணா, அக்கா. நான் பொலிடெக்னிக் இரண்டாம் செமஸ்டர். ஸ்க்ரோல்வியூ உள்ள ஒரு மேப் வச்சிருக்கேன். மேப்பை மேல கீழ இழுத்தா பக்கமே ஸ்க்ரோல் ஆகுது. பேரண்ட்டைப் புடிச்சு நிறுத்தணும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. எப்படி?

மல்லிகைப்பந்தல் · 10.22

ரெண்டு பேரும் ஒன்னை மறந்துட்டுப் பேசுறீங்க. பிள்ளைக்குப் பேரண்ட் யாருன்னு தெரியவே கூடாது. "என்கிட்ட தப்பான எடை வந்துருச்சு"ன்னு ஒரு கால்பேக்ல மேல சொல்லணும். கார்டு சிவக்கணுமா, சத்தம் போடணுமான்னு கார்டு முடிவு பண்ணும். ஆண்ட்ராய்டோட புது திரை முறை கம்போஸ்ல பேரண்ட்டைக் கேட்கவே முடியாது, 2021 ஜூலையில ஸ்டேபிளா வந்தப்பவே அப்படித்தான். ஆப் எழுதுற இன்னொரு கருவி ஃப்ளட்டர்லயும் இதே பழக்கம்தான்: கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது அளவு வரம்பு, கீழ இறங்கும், சைஸ் மேல ஏறும், எங்க வைக்கிறதுன்னு பேரண்ட் முடிவு பண்ணும். இந்தக் கேள்விக்குறிச் சண்டைக்கே அங்க இடம் இல்ல.

கித்தாக்காட்டான் · 10.29

வந்துட்டாங்கய்யா ஃப்ளட்டர். எந்தத் திரியத் திறந்தாலும் கடைசியில ஃப்ளட்டர்.

தங்கச்சி, ஃப்ளட்டர்ல ஃபைன்ட்ஆன்செஸ்டர்ஸ்டேட்ஆஃப்டைப்னு ஒன்னு இருக்கே, அது என்னா? மேல ஏறி அப்பனைத் தேடுறதுதானே? திரையோட சட்டகமான ஸ்கேஃபோல்டைத் தேட ஸ்கேஃபோல்ட் டாட் ஆஃப் கூப்பிட்டு, "இந்த கான்டெக்ஸ்ட்டுல ஸ்கேஃபோல்ட் இல்ல"ன்னு செவப்பு எழுத்து வாங்காத ஃப்ளட்டர் ஆளு இந்த ஊர்ல உண்டா? அதுக்கு பில்டர்னு ஒரு டப்பாவ நடுவுல சொருகுவீங்க.

மல்லிகைப்பந்தல் · 10.36

முதல்ல, தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. உங்களுக்கும் எனக்கும் அறிமுகம் இல்ல.

ரெண்டாவது, அடியில வந்து போற ஸ்னேக்பார் செய்தியக் காட்டத்தான் எல்லாரும் ஸ்கேஃபோல்டைத் தேடினாங்க. 2021-ல ஸ்கேஃபோல்ட்மெசெஞ்சர் வந்து அந்தத் தொல்லை போச்சு. ஃபைன்ட்ஆன்செஸ்டர் இருக்கு, ஆனா மரம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு படி ஏறும், திரையக் கட்டுற பில்டுக்குள்ள கூப்பிடாதேன்னு ஆவணமே சொல்லுது. இன்ஹெரிட்டட்விட்ஜெட்டுன்னா ஆழத்தைப் பார்க்காது, நேரா எடுக்கும். தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

கித்தாக்காட்டான் · 10.41

சரிங்க மேடம். இருக்குன்னு சொல்லிட்டீங்க, அது போதும்.

ஏழாங்கட்டை · 10.48

மல்லிகை சொன்னது டிசைன். அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா அண்ணனோட ஆப் வியூவுல இருக்கு, அங்க கேள்விக்குறிதான் கேள்வி.

வின்டோமேனேஜர்ல நேரா ஆட்வியூ பண்ற மிதக்கும் பட்டன் இருக்குல்ல? அதோட பேரண்ட் நேரா வியூரூட்இம்ப்பிள். நடுவுல டெக்கர்வியூ கூடக் கிடையாது. முதல் படியிலேயே 'ஆஸ் வியூ' விழும். ஏறவே வேணாம். இதுக்கு என்ன சொல்றீங்க?

கித்தாக்காட்டான் · 10.52

குலை நிறுக்கிற இடத்துல மிதக்கும் பட்டன் எதுக்குடா? குலைக்கு மேல மிதக்குறதுக்கா?

புந்தோங்பையன் · 11.05

ஈப்போவிலேர்ந்து ஒரு சந்தேகம். கித்தாக்காட்டான்னு ரப்பர்த் தோட்டப் பேர் வச்சிருக்கீங்க, ஆப் செம்பனைக்கு. எப்படி?

கித்தாக்காட்டான் · 11.08

தாத்தா பால் வெட்டினாரு. அப்பாவும் வெட்டினாரு. நான் பொறந்தப்போ மரத்தச் சாய்ச்சுட்டாங்க. பேர் நிக்குது. உங்களுக்கு என்னா?

பழையகிராணி · 11.27

நண்பர்களே, பேச்சு இங்கே வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு ரப்பருக்கு நம் பக்கத்து ஊர்தான் தொட்டில். 1877-ஆம் ஆண்டு பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. செம்பனையை வாணிகமாகப் பயிரிட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். ஆக நாற்பது ஆண்டு மூத்தது கித்தாதான். அவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டதில் பிழையில்லை.

மலாயாவின் அவசரகாலம் 1948 ஜூன் மாதம் தொடங்கியதும் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான் என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

புந்தோங்பையன் · 11.33

ஐயா, முதல்ல சிங்கப்பூருக்கு வந்த கன்றுதானே கோலகங்சாருக்குப் போச்சு? அப்ப தொட்டில் சிங்கப்பூர் தாவரப் பூங்கான்னுல்ல சொல்லணும்?

பழையகிராணி · 11.40

சிங்கப்பூர் இந்த நாடு அன்று தம்பி. நான் "இந்த நாட்டு" என்றுதான் எழுதியிருக்கிறேன். மீண்டும் படியுங்கள்.

புந்தோங்பையன் · 11.43

1877-ல எந்த நாடு ஐயா இருந்துச்சு?

நடத்துநர் · 11.50

தலைப்பு ஆண்ட்ராய்டு. மரம் பத்திப் பேச வேற பகுதி இருக்கு.

கித்தாக்காட்டான் · சனி, காலை 7.20

ராத்திரி பூரா யோசிச்சேன். பசியாறுறதுக்கு முன்ன எழுதிடுறேன்.

மெட்டீரியல் லைப்ரரியில டெக்ஸ்ட்இன்புட்எடிட்டெக்ஸ்ட்டோட சோர்ஸத் திறந்து பாருங்க. மேல இருக்கிற டெக்ஸ்ட்இன்புட்லேஅவுட்டைக் கண்டுபிடிக்க அவங்க என்னா பண்றாங்க? கெட்பேரண்ட். அதுக்குப் பேரண்ட், அதுக்கும் பேரண்ட்னு ஒரு வைல் லூப்புல ஏறுறாங்க. கூகிள்காரனே பேரண்ட்டைப் புடிச்சு ஏறுறான். அவன் கோடர் இல்லையா?

இதுக்கு மேல பேச ஒன்னும் இல்ல.

ஏழாங்கட்டை · 8.02

அண்ணே, அதே கோடை நானும் திறந்தேன். லூப்போட நிபந்தனையப் படிச்சீங்களா? "வைல், பேரண்ட் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வியூ". ஒவ்வொரு படியிலயும் வியூவான்னு கேட்டுட்டுத்தான் ஏறுறாங்க. ஜாவாவுல எழுதினதால கேள்விக்குறி இல்ல. கோட்லின்ல அதே வேலையத்தான் கேள்விக்குறி செய்யுது. எனக்காக நீங்களே ஆதாரம் தேடிக் குடுத்துட்டீங்க. ரொம்ப நன்றி.

கித்தாக்காட்டான் · 8.09

அவன் மேல ஏறுறான், அதனால கேட்குறான். நான் ஒரு படிதான். நானும் ஏறினா கேட்பேன்.

ஏழாங்கட்டை · 8.11

கேட்பேன்னு சொல்லிட்டீங்கல்ல?

கித்தாக்காட்டான் · 8.12

ஏறினா!

புந்தோங்பையன் · 8.40

இதே விஷயத்துல நான் மாட்டினேன், அதான் சொல்றேன். அழகா ஹின்ட் மேல ஏறட்டும்னு சும்மா இருந்த எடிட்டெக்ஸ்ட்டை எடுத்து டெக்ஸ்ட்இன்புட்லேஅவுட்டுக்குள்ள வச்சேன். பேரண்ட்டைச் சிவப்பாக்கினா தட்டச்சு பண்ற அந்தக் கட்டம் மட்டும் சிவந்துச்சு, கீழ எரர் எழுத்து வர்ற இடம் வெள்ளையாவே நின்னுச்சு. பார்த்தா, டெக்ஸ்ட்இன்புட்லேஅவுட் உள்ளுக்குள்ள ஒரு ஃப்ரேம்லேஅவுட்டை ஒளிச்சு வச்சிருக்கு. எக்ஸ்எம்எல்ல அது கிடையாது. பேரண்ட் அந்த ஃப்ரேம்லேஅவுட், பேரண்ட்டோட பேரண்ட்தான் டெக்ஸ்ட்இன்புட்லேஅவுட்.

'ஆஸ் வியூ' போட்டாலும் விழாது, 'ஆஸ்?' போட்டாலும் விழாது. ரெண்டுலயும் தப்பான டப்பாதான் சிவக்கும். இதுல கேள்விக்குறி எங்க வந்துச்சு?

ஏழாங்கட்டை · 8.47

விழலன்னு நீங்களே சொல்றீங்க. பேசிக்கிட்டு இருக்கிறது விழறதப் பத்தி.

கித்தாக்காட்டான் · 8.51

கேட்டுக்குங்க, 'ஆஸ் வியூ' விழலையாம். ஈப்போக்காரரே சொல்லிட்டாரு. நன்றி புந்தோங்.

புந்தோங்பையன் · 8.53

நான் அதச் சொல்ல வரல...

கித்தாக்காட்டான் · 9.15

இப்ப அசல் விஷயத்துக்கு வர்றேன். தம்பி போர்டுல எழுதாதது இது.

கேள்விக்குறி போட்டா என்னா நடக்கும்? காஸ்ட் தோத்தா நல். அதுக்கப்புறம் செட்பேக்கிரவுண்ட்கலர் முன்னாடியும் ஒரு கேள்விக்குறி போடுவீங்க, இல்லன்னா கம்பைல் ஆகாது. நல்னு வந்தா அந்த வரி சத்தமில்லாமத் தாண்டிப் போயிடும். கார்டு சிவக்காது. கிழவன் 250-ன்னு தட்டிட்டு அடுத்த குலைக்குப் போயிடுவான். சாயங்காலம் லோரி ஆலைக்குப் போயிச் சீட்டு வந்ததும் கணக்கு உதைக்கும். யாரைக் கேப்பான்? என்னை. நான் லாக்கைப் பார்த்தா அதுல ஒன்னுமே இருக்காது. ஏன்னா ஒன்னும் விழல!

விழுந்தா எனக்கு அன்னைக்கே தெரியும், எந்த வரின்னும் தெரியும். ஒரு ஆப் எங்க விழணுமோ அங்க விழணும். நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது தப்ப மூடி மறைக்கிற வழி. அதுக்குப் பேரு பாதுகாப்பா?

ஏழாங்கட்டை · 9.22

அப்போ விழும்னு ஒத்துக்கிறீங்க?

கித்தாக்காட்டான் · 9.23

விழாதுன்னுதான் முதல்ல இருந்து சொல்றேன்.

ஏழாங்கட்டை · 9.24

விழாதுன்னா எதுக்கு "விழுந்தா தெரியும்"?

கித்தாக்காட்டான் · 9.26

விழுந்தா!

ஜாவாமண்டோர் · 9.41

நல் வந்தா லாக்ல ஒரு வரி எழுதிட்டுத் தாண்டினா ரெண்டு பேருக்கும் சரிதானே. நல் வந்தா மாத்து வழி சொல்ற எல்விஸ்னு ஒரு ஆப்பரேட்டர் கோட்லின்லயே இருக்கு. ஜாவாவுல ஒரு இஃப், வேலை முடிஞ்சுது.

ஏழாங்கட்டை · 9.58

மண்டோர் சார், கூகிள் 2017-ல கோட்லினை ஏத்துக்கிட்டாங்க, 2019-ல கோட்லின்தான் முதல்னு சொல்லிட்டாங்க. நீங்க இன்னும் இஃப் போட்டுக்கிட்டு இருங்க.

அண்ணன் "விழணும்"னு வீரமாப் பேசுறதால ஒன்னை ஞாபகப்படுத்துறேன். நம்ம பக்கத்துக் கோவில் ஆடித் திருவிழா. அன்னதான டோக்கன் ஆப். மேசையில நாலு ஹேன்போன், வரிசை வாசல் தாண்டி ரோட்டுல நிக்குது. அம்மா ஒருத்தங்க பேரைத் தட்டினதும் திரை மறைஞ்சு ஹோம்ஸ்கிரீன் வந்துச்சு. திரும்பத் திறந்து தட்டினா திரும்ப ஹோம்ஸ்கிரீன். கடைசியில நோட்டுப் புத்தகத்துல எழுதிக் குடுத்தோம். கிராஷ் ஆன வரி எது? பேரண்ட், 'ஆஸ் லினியர்லேஅவுட்'. கேள்விக்குறி இல்லாம. எழுதினது யாரு? ஊருக்கே தெரியும்.

கித்தாக்காட்டான் · 10.03

வருவன்னு தெரியும். இதுக்குத்தான் ராத்திரியில இருந்து வழி பார்த்துக்கிட்டு இருந்த.

ஊருக்குத் தெரியாததையும் நான் சொல்றேன். அந்த எக்ஸ்எம்எல்ல லினியர்லேஅவுட்தான் இருந்துச்சு. திருவிழாவுக்கு முந்தின ராத்திரி ஒருத்தரு "பெர்ஃபார்மன்ஸ் பத்தல"ன்னு அதைத் தூக்கிட்டு கான்ஸ்ட்ரெய்ன்ட்லேஅவுட் போட்டாரு. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல. கமிட் மெசேஜ்ல "சின்னத் திருத்தம்"னு போட்டாரு. சின்னத் திருத்தம்! அப்பனையே மாத்திட்டு சின்னத் திருத்தம்.

அகலம் உயரம் குறிச்சு வைக்கிற லேஅவுட்பேரம்ஸ் இருக்குல்ல, அது பிள்ளைகிட்ட ஒட்டியிருந்தாலும் பேரண்ட்டோட சாதி. அப்பன் லினியர்லேஅவுட்டுன்னா அதோட லேஅவுட்பேரம்ஸ், அப்பன் கான்ஸ்ட்ரெய்ன்ட்லேஅவுட்டுன்னா அதோடது. பேரண்ட்டை மாத்தினா அதைத் தொடுற எல்லா வரியும் மாறணும். அது தெரியாதவரு இன்னைக்குப் பிள்ளைங்களுக்கு வாத்தியார்.

இன்னொன்னு. அது 'ஆஸ் லினியர்லேஅவுட்'. இப்ப பேச்சு 'ஆஸ் வியூ'. கான்ஸ்ட்ரெய்ன்ட்லேஅவுட்டும் வியூதான். அன்னைக்கு 'ஆஸ் வியூ'ன்னு இருந்திருந்தா விழுந்திருக்காது. ஆக என் கட்சிதான் ஜெயிக்குது.

ஏழாங்கட்டை · 10.10

'ஆஸ்? லினியர்லேஅவுட்'னு இருந்திருந்தாலும் விழுந்திருக்காது. தான் புடிச்ச முயலுக்கு மூனு காலுங்கிறது உங்களுக்காகவே சொன்னது.

முந்தின ராத்திரி இல்ல, அதுக்கும் முந்தின நாளு. குழுவுல சொன்னேன். நீங்கதான் பேனர்ல உங்க பேர் சின்னதா இருக்குன்னு கோவிச்சுக்கிட்டுக் குழுவை மியூட் பண்ணி வச்சிருந்தீங்க.

கித்தாக்காட்டான் · 10.12

பேனர்ல என் பேரே இல்ல! சின்னதா இருந்துச்சாம்!

மல்லிகைப்பந்தல் · 10.20

அந்தப் பேனரைச் செஞ்சவ நான். "ஆப் உதவி"ன்னு கீழ வரிசையில ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. பந்தல் கட்டினவங்க அந்த ஓரத்தை மடிச்சு ஆணி அடிச்சுட்டாங்க. போதுமா?

கித்தாக்காட்டான் · 10.24

அறிமுகம் இல்லன்னு சொன்னீங்களே மேடம், என் பேரு மட்டும் எப்படி பேனர்ல வந்துச்சாம்?

மல்லிகைப்பந்தல் · 10.25

கோவில் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. மனுஷங்களை நான் பார்த்ததில்ல. பார்க்கவும் ஆசை இல்ல.

லயத்துப்பிள்ளை · 10.44

அண்ணா, அக்கா, மேப்... யாராவது?

ஜாவாமண்டோர் · 10.58

தம்பி, மேப்போட டச் லிஸனர்ல விரல் பட்டதும் பேரண்ட்டுல ரிக்வெஸ்ட்டிஸ்அலௌஇன்டர்செப்ட்டச்ஈவென்ட், ட்ரூன்னு கூப்பிடு. ஸ்க்ரோல்வியூ அந்த இழுவையில தலையிடாது. லிஸனர் ஃபால்ஸ் திருப்பட்டும், அப்பத்தான் மேப் நகரும். அந்த ஃபங்ஷன் மேல இருக்கிற ஒவ்வொரு பேரண்ட்டுக்கும் தானே சொல்லிக்கிட்டுப் போகும், நீ ஏற வேணாம். விரலை எடுத்ததும் அந்தத் தடை தானே கலைஞ்சுடும், ஒவ்வொரு தொடலுக்கும் புதுசாச் சொல்லணும்.

வியூபேரண்ட்லயே அந்த ஃபங்ஷன் இருக்கு. காஸ்ட்டே வேணாம். கேள்விக்குறியும் வேணாம், ஆஸும் வேணாம்.

ஏழாங்கட்டை · 11.04

பேரண்ட் நல்னும் வரலாம். புள்ளிக்கு முன்னாடி கேள்விக்குறி போடு தம்பி.

கித்தாக்காட்டான் · 11.05

விரல் பட்டுடுச்சுன்னா அது திரையில இருக்குன்னு அர்த்தம். திரையில இருக்கிறதுக்குப் பேரண்ட் எப்படி நல் ஆகும்? தம்பி, போடாத.

ஏழாங்கட்டை · 11.06

போடு தம்பி.

லயத்துப்பிள்ளை · 11.15

மண்டோர் அண்ணா, வேலை செய்யுது! நன்றி. கேள்விக்குறி போட்டும் பார்த்தேன், போடாமயும் பார்த்தேன், ரெண்டும் ஒரே மாதிரி ஓடுது. எது சரி?

கித்தாக்காட்டான் · 11.16

போடாதது.

ஏழாங்கட்டை · 11.16

போட்டது.

பழையகிராணி · 11.40

புந்தோங் தம்பியின் கேள்விக்கு விடை. 1877-இல் ஹியூ லோ பேராவில் ரெசிடென்ட்டாக இருந்தார். பேரா பேராவாகவே இருந்தது. எனவே தொட்டில் கோலகங்சார்தான்.

நடத்துநர் · 11.46

கிராணி ஐயா, கடைசி எச்சரிக்கை. மத்தவங்களுக்கும் சேர்த்துத்தான். புதுசா ஒன்னு சொல்றதுன்னா சொல்லுங்க, இல்லன்னா பூட்டிடுவேன்.

கித்தாக்காட்டான் · 12.03

புதுசாத்தான் சொல்றேன். நாளைக்குக் காலைல பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாமாக் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுவர்றேன். செம்பனை ஆப்பு அதுல ஓடும். கார்டுக்குள்ள இருக்கிற எடிட்டெக்ஸ்ட்டை வச்சு 'ஆஸ் வியூ'வை விழ வைக்கணும். எக்ஸ்எம்எல்லைத் தொடக்கூடாது. தெரியாம மாத்துற வேலை வேணாம், பழக்கதோஷம் வந்துடும். விழுந்துச்சுன்னா எல்லாருக்கும் ரொட்டி சானாய் நான் வாங்கித் தர்றேன்.

ஏழாங்கட்டை · 12.10

எக்ஸ்எம்எல்லைத் தொடாம, எடிட்டெக்ஸ்ட்டை மட்டும் ரிமூவ்வியூ பண்ணி வெளிய எடுக்கலாமா? எடுத்தா பேரண்ட் நல்.

கித்தாக்காட்டான் · 12.11

பிள்ளையப் பிரிச்சு எடுத்துட்டு அப்பன் எங்கன்னு கேட்குறது கள்ள ஆட்டம். கூடாது.

ஏழாங்கட்டை · 12.13

அப்போ விதிய நீங்களே எழுதி, தீர்ப்பும் நீங்களே சொல்லுங்க. நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு, வர முடியாது.

கித்தாக்காட்டான் · 12.14

வர மாட்டேன்னு தெரியும். எந்த வகுப்பு? திரும்பவும் போர்டுல அதையா எழுதப் போற?

ஏழாங்கட்டை · 12.15

இந்தத் தடவை கொட்டை எழுத்துல.

புந்தோங்பையன் · 12.20

வகுப்பு எத்தனை மணிக்கு? நானும் வர்றேன். அந்த ஃப்ரேம்லேஅவுட் விஷயத்தக் கேட்கணும், இங்க யாரும் பதில் சொல்ல மாட்டேங்குறாங்க.

கித்தாக்காட்டான் · 12.22

புந்தோங், நீங்க மாமாக் கடைக்கு வாங்க. வகுப்புக்குப் போனீங்கன்னா கேள்விக்குறியோடதான் திரும்பி வருவீங்க. நடத்துநருக்கு ஒரு வேண்டுகோள்: பூட்டுறதா இருந்தா என் பதிவு கடைசியா இருக்கிற மாதிரி பூட்டுங்க.

ஏழாங்கட்டை · 12.23

அதெப்படி?